மலைப்பகுதி சுகாதாரப் பணியாளர்களுக்குத் தொலைநிலைப் பயிற்சி: கூட்டு ஏற்பாட்டை அமைப்பது எப்படி?

நீலகிரியிலோ பழனி மலையிலோ உள்ள ஒரு துணை சுகாதார நிலையத்தின் செவிலியரை மூன்று நாள் பயிற்சிக்காகக் கோவைக்கோ மதுரைக்கோ அனுப்பினால், பயிற்சி நாட்களோடு போக வர ஆகும் நாட்களும் சேர்ந்து ஏறக்குறைய ஒரு வாரம் அந்த நிலையம் பூட்டிக் கிடக்கும். பந்தலூர்ப் பக்கத்துச் செவிலியர் முதலில் கூடலூர் வர வேண்டும். அங்கிருந்து ஏறத்தாழ 50 கிலோமீட்டர் மலைப்பாதையில் ஏறி உதகையை அடைந்து, குன்னூர் வழியாகவோ கோத்தகிரி வழியாகவோ மேட்டுப்பாளையத்துக்கு இறங்கிய பிறகுதான் கோவையை எட்ட முடியும். மன்னவனூர், கூக்கால் போன்ற மேல்பழனி ஊர்களில் பணிபுரிவோருக்குக் கொடைக்கானலை அடைவதே ஒரு தனிப் பயணம். அவர்கள் திரும்பி வரும்வரை கர்ப்பிணிப் பெண்ணின் இரத்த அழுத்தத்தைப் பார்க்கவும், காய்ச்சல் கண்ட குழந்தையை எங்கே கொண்டுபோவது என்று சொல்லவும் பெரும்பாலான ஊர்களில் வேறு ஆள் இல்லை. மலைக்குத் தொலைநிலைப் பயிற்சி ஏன் என்று கேட்பவருக்கு இந்த ஒரு காரணமே போதும்.

ஆனால், கல்வி நிறுவனம் இணையவழியில் பாடம் நடத்தும், நாம் ஆட்களைச் சேர்த்துவிட்டால் போதும் என்ற எண்ணத்தில் தொடங்கப்படும் ஏற்பாடுகள் பெரும்பாலும் சான்றிதழோடு நின்றுவிடுகின்றன. பாடம் எவ்வளவு தொலைவிலிருந்தும் வரலாம். பணியாளரின் கையைப் பார்த்துத் திருத்துபவர் மட்டும் பக்கத்தில் இருந்தாக வேண்டும். யாரோடு கூட்டுச் சேர்வது, ஒப்பந்தத்தில் என்ன எழுதுவது, பணத்தை எங்கே செலவிடுவது ஆகிய எல்லா முடிவுகளையும் இந்த ஒரு அளவுகோலை வைத்து எடுக்கலாம் என்பது என் கருத்து. வட்டார மருத்துவ அலுவலர்கள், தொண்டு மருத்துவமனைகள், தேயிலைத் தோட்ட மருத்துவமனைகள், பழங்குடியினர் நல அமைப்புகள் ஆகியோரை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன்.

வேலையிலிருந்து தொடங்குங்கள்

எந்த நிறுவனத்திடம் என்ன படிப்பு இருக்கிறது என்ற பட்டியலை முதலில் கையில் எடுக்க வேண்டாம். உங்கள் பணியாளர் நாள்தோறும் செய்யும் வேலையில் எது சரியாக நடக்கவில்லை என்பதை முதலில் கண்டறிய வேண்டும். அதற்கு எளிய வழி, துணை சுகாதார நிலையப் பதிவேடுகளை எடுத்து வைத்துக்கொண்டு, கிராம சுகாதார செவிலியர்களை மேற்பார்வையிடும் பகுதி சுகாதார செவிலியரோடும் சுகாதார ஆய்வாளரோடும் ஒரு பிற்பகல் உட்கார்வதுதான். இரத்த அழுத்தம் அதிகம் என்று குறிக்கப்பட்ட கர்ப்பிணி எத்தனை நாளில் மருத்துவரைப் பார்த்தார், நீண்ட நாள் காய்ச்சலோடு வந்தவருக்கு என்ன பரிசோதனை செய்யப்பட்டது, பாம்புக்கடி பட்டவர் எத்தனை மணி நேரம் கழித்து மருத்துவமனைக்குச் சென்றார் என்ற கேள்விகளுக்குப் பதிவேட்டில் விடை தேடினால், பயிற்சி எங்கே தேவை என்பது தானாகத் தெரியவரும். சில குறைகள் பயிற்சியால் தீராதவை என்பதும் அப்போதே தெரியும். பரிசோதனைக் கருவி பழுதாகிக் கிடக்கும் இடத்தில் வகுப்பு நடத்திப் பயனில்லை.

யாருக்குப் பயிற்சி என்பதும் இந்தக் கட்டத்திலேயே முடிவாக வேண்டும். கிராம சுகாதார செவிலியர், இடைநிலை சுகாதாரப் பணியாளர், சுகாதார ஆய்வாளர், மலைப்பகுதிகளில் பணிபுரியும் ஆஷா பணியாளர், 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் மகளிர் தன்னார்வலர், தொண்டு அமைப்புகளின் பழங்குடி சுகாதாரப் பணியாளர் என்று பலர் இருக்கிறார்கள். இவர்கள் அனைவரையும் ஒரே வகுப்பில் அமர்த்துவது வசதியாகத் தோன்றினாலும், மருந்து கொடுக்க அதிகாரம் உள்ளவரும் இல்லாதவரும் ஒரே பாடத்தைக் கேட்கும்போது இருவருக்குமே அது அரைகுறையாகத்தான் போய்ச் சேரும். ஒரு பிரிவினரையும், அவர்கள் செய்ய வேண்டிய இரண்டு அல்லது மூன்று வேலைகளையும் தேர்ந்தெடுத்துக்கொண்டு தொடங்குவது நல்லது.

இந்த மலைகளுக்கென்றே சில பாடங்கள் உண்டு. சிக்கிள் செல் எனப்படும் அரிவாள் செல் இரத்தசோகை என்ற பரம்பரை நோய் அவற்றில் முதன்மையானது. நீலகிரிப் பழங்குடியினரிடம் இக்குறைபாடு இருப்பது 1952ஆம் ஆண்டிலேயே பதிவாகியிருக்கிறது. இந்தியாவில் இதைப் பற்றி வெளிவந்த முதல் பதிவுகளில் அதுவும் ஒன்று. 2047ஆம் ஆண்டுக்குள் இந்நோயை ஒழிப்பது என்ற இலக்கோடு ஒன்றிய அரசு 2023 ஜூலையில் தேசிய இயக்கம் ஒன்றைத் தொடங்கியிருப்பதால், இரத்தப் பரிசோதனை செய்யவும் அதன் முடிவைக் குடும்பத்தாரிடம் விளக்கவும் தெரிந்த பணியாளர்களின் தேவை முன்பைவிடக் கூடியிருக்கிறது. உண்ணிக் காய்ச்சல் எனப்படும் ஸ்கிரப் டைபஸ், பாம்புக்கடி, மலைத்தோட்டத் தொழிலாளர்களிடம் காணப்படும் உயர் இரத்த அழுத்தம் ஆகியனவும் இந்த வரிசையில் வரும்.

யாருடன் கூட்டுச் சேர்வது?

ஒரே நிறுவனம் எல்லாவற்றையும் தரும் என்று எதிர்பார்க்க வேண்டாம். அங்கீகாரம் தருபவர், பாட அறிவு தருபவர், அருகில் இருந்து கைப்பழக்கம் தருபவர் என மூன்று தரப்பினர் தேவை. நல்ல கூட்டு ஏற்பாடுகள் உலகின் எந்த மூலையில் நடந்திருந்தாலும் இந்த மூவரும் அவற்றில் இருந்திருக்கிறார்கள். கென்யாவில் 2005ஆம் ஆண்டு ஆம்ரெஃப் என்ற ஆப்பிரிக்கச் சுகாதாரத் தொண்டு அமைப்பு, சான்றிதழ்த் தகுதி மட்டும் பெற்றிருந்த 20 ஆயிரத்துக்கும் மேற்பட்ட செவிலியரைப் பட்டயத் தகுதிக்கு உயர்த்தும் நோக்கில் மின்வழிக் கற்றலைத் தொடங்கியபோது, அந்நாட்டுச் செவிலியர் மன்றம், சுகாதார அமைச்சகம், மருத்துவப் பயிற்சிக் கல்லூரி, தொழில்நுட்ப உதவிக்கு ஒரு தனியார் நிறுவனம் ஆகியவற்றைச் சேர்த்துக்கொண்டது. செவிலியர் மன்றம் தொடக்கத்திலிருந்தே உள்ளே இருந்ததால், படித்து முடித்தவரின் தகுதி செல்லுமா என்ற கேள்விக்கு இடமில்லாமல் போயிற்று.

நம் ஊரில் இந்தக் கேள்வியைக் கூடுதல் கவனத்தோடு கேட்க வேண்டும். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2020ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி மருத்துவம், செவிலியம், பிசியோதெரபி போன்ற துறைகளில் தொலைநிலை முறையில் பட்டம் வழங்க இடமில்லை. 2025ஆம் ஆண்டு உளவியல், ஊட்டச்சத்து உள்ளிட்ட துணைநிலை சுகாதாரப் படிப்புகளுக்கும் அந்தத் தடை விரிவாக்கப்பட்டது. ஆகவே தொலைநிலையில் செவிலியர் பட்டம் என்று யாரேனும் துண்டறிக்கை கொண்டுவந்தால் அவரை வாசலோடு அனுப்பிவிடலாம். ஏற்கெனவே பணியில் இருப்பவரின் திறனை உயர்த்தும் குறுகிய காலப் பயிற்சிக்கே தொலைநிலை முறை பொருந்தும். இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம், செவிலியரை இடைநிலை சுகாதாரப் பணியாளராக ஆயத்தப்படுத்த நடத்திய ஆறு மாதச் சான்றிதழ்ப் படிப்பை இங்கே கவனிக்கலாம். பாடம் அச்சில் வந்தாலும், செய்முறைப் பயிற்சி மாவட்ட மருத்துவமனைகளில் அமைந்த கல்வி மையங்களில்தான் நடந்தது.

பாட அறிவைப் பொறுத்தவரை தமிழ்நாட்டில் பஞ்சமில்லை. சென்னையில் உள்ள தேசியத் தொற்றுநோயியல் நிறுவனம் சுகாதார ஆய்வின் அடிப்படைகளை என்பிடெல் என்ற இணையக் கல்வித் தளத்தின் வழியாகக் கற்பித்துவருகிறது. இத்தகைய படிப்புகளில் சேரக் கட்டணம் இல்லை. தேர்வு எழுதிச் சான்றிதழ் பெற விரும்பினால் மட்டும் கட்டணம். இது சுகாதார ஆய்வாளருக்கும் மருத்துவ அலுவலருக்கும் பொருந்துமே தவிர, ஆங்கிலத்தில் இருப்பதால் கிராமத் தன்னார்வலருக்குப் பொருந்தாது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் தொலைநிலைக் கல்வித் துறை, சிற்றூர்களில் பணிபுரியும் மருத்துவர்களுக்காக நடத்திவரும் குடும்ப மருத்துவப் பட்டயப் படிப்பில், அச்சுப் பாடம், காணொலி வகுப்பு, நேரடி வகுப்பு ஆகிய மூன்றையும் கலந்திருக்கிறது. நீங்கள் அந்தப் படிப்பில் சேரப்போவதில்லை என்றாலும் அந்தக் கலவை விகிதத்தைக் கேட்டறிந்துகொள்வது பயன்தரும். மனநலப் பணிக்குப் பெங்களூருவில் உள்ள தேசிய மனநல நிறுவனமான நிம்ஹான்ஸின் டிஜிட்டல் பயிற்சிகள் உள்ளன.

எனினும் முதலில் கதவைத் தட்ட வேண்டியது அருகில் உள்ளவர்களிடம்தான். பழனி மலைக்காரர்களுக்கு, 1964ஆம் ஆண்டு முதல் சுகாதாரப் பணியாளர்களைப் பயிற்றுவித்துவரும் காந்திகிராம ஊரக சுகாதார, குடும்பநல நிறுவனம் அதே திண்டுக்கல் மாவட்டத்திலேயே இருக்கிறது. நீலகிரியில் உதகை அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் தொடங்கிவைக்கப்பட்டதால், சமூக மருத்துவத் துறையும் பயிற்சி மருத்துவர்களும் மாவட்டத்துக்கு உள்ளேயே கிடைக்கிறார்கள். கூடலூரில் 1990ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட அஸ்வினி அமைப்பு பழங்குடிப் பெண்களைச் சுகாதாரப் பணியாளர்களாகவும் செவிலியர்களாகவும் பயிற்றுவித்த நீண்ட அனுபவம் உடையது. கோத்தகிரியில் 1958 முதல் இயங்கும் நீலகிரி ஆதிவாசிகள் நலச் சங்கத்துக்கு அரிவாள் செல் நோய்ப் பணியில் பழக்கம் உண்டு. சென்னையிலோ வேலூரிலோ இருக்கும் வல்லுநருக்கு இந்த மலையைத் தெரியாது. இவர்களுக்குத் தெரியும்.

ஒப்பந்தத்தில் எழுத வேண்டியவை

புரிந்துணர்வு ஒப்பந்தம் என்றதும் இரு தரப்பின் பெருமைகளையும் நான்கு பக்கத்துக்கு எழுதி, கடைசியில் படம் எடுத்துக்கொள்வது வழக்கமாகிவிட்டது. அந்த நான்கு பக்கத்தால் எந்த வேலையும் நடக்காது. பயிற்சி பெறுபவரைத் தேர்ந்தெடுப்பவர் யார், அவருக்கு வாரத்தில் எத்தனை மணி நேரம் பணியிலிருந்து விடுப்பு உண்டு, அந்த நேரத்தில் அவருடைய வேலையைப் பார்ப்பவர் யார், இணையச் செலவையும் பயணப்படியையும் தருபவர் யார் என்பவற்றைப் பெயரோடும் பதவியோடும் எழுத வேண்டும். அரசுப் பணியாளர் என்றால் மாவட்ட சுகாதார அலுவலரின் எழுத்துப்பூர்வமான ஆணை வேண்டும். வாய்மொழி ஒப்புதல், அலுவலர் மாறுதலாகிச் சென்ற மறுநாளே செல்லாக்காசாகிவிடும். ஆணையில் வகுப்பு நேரம் பணிநேரமாகக் கருதப்படும் என்ற ஒரு வரி இருந்தால், இரவு எட்டு மணிக்கு வீட்டு வேலைகளுக்கு நடுவே பெண் பணியாளர்கள் கைபேசியில் வகுப்புக் கேட்கும் நிலை வராது.

பாடப் பொருள்களின் உரிமையைப் பற்றியும் எழுதியாக வேண்டும். ஆங்கிலப் பாடத்தைத் தமிழாக்கி, ஒலிப்பதிவு செய்து, படம் சேர்த்தவர்கள் நீங்கள் என்றால், கூட்டு முடிந்த பிறகும் அதைப் பயன்படுத்தவும் திருத்தவும் உங்களுக்கு உரிமை இருக்க வேண்டும்.

நோயாளிகளின் விவரம் தொடர்பான பகுதியை மலைப்பகுதியினர் கூடுதல் கவனத்தோடு எழுத வேண்டும். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் பொதுவான காப்புக்கு வழிவகுக்கிறது என்றாலும், இங்கே பெயரை நீக்குவது மட்டும் போதாது. நீலகிரிப் பழங்குடியினரான கோத்தர்கள் வாழும் ஊர்கள் ஏழே ஏழுதான். தோடர்களின் மந்துகள் எனப்படும் குடியிருப்புகளும் சிறியவை. இன்ன சமூகம், இன்ன ஊர், இன்ன வயதுப் பெண் என்று வகுப்பில் சொன்னாலே அவர் யார் என்பது மாவட்டத்தில் பாதிப் பேருக்குத் தெரிந்துவிடும். ஆகவே வகுப்பில் நோயாளியைப் பற்றிப் பேசும்போது ஊரையும் சமூகத்தையும் நீக்கி, வயதைத் தோராயமாகச் சொல்ல வேண்டும் என்பதையும், நோயாளியின் படமோ பரிசோதனைச் சீட்டோ வாட்ஸ்அப் குழுவில் பகிரப்படக் கூடாது என்பதையும் ஒப்பந்தத்திலேயே விதியாக்கிவிடுவது நல்லது.

நாளும் நேரமும்

வகுப்பு நாளைச் சென்னையில் இருப்பவர் முடிவுசெய்தால் அது பெரும்பாலும் செவ்வாயாகவோ புதனாகவோ இருக்கும். செவ்வாய் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பிணிகளுக்கான நாள். புதன் தடுப்பூசி நாள். இந்த இரண்டு நாட்களில் வகுப்பு வைப்பவருக்குச் செவிலியரின் வாரம் எப்படி நகர்கிறது என்பது தெரியாது என்றுதான் பொருள். மற்ற நாட்களில் எந்தப் பிற்பகல் தோதுப்படும் என்பதைப் பகுதி சுகாதார செவிலியரிடமே கேட்டு முடிவுசெய்ய வேண்டும்.

ஆண்டின் போக்கும் அதைப் போலவே முக்கியமானது. கூடலூர், பந்தலூர், குந்தா பகுதிகளில் ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை பெய்தது நினைவிருக்கலாம். குன்னூர், கோத்தகிரி, பழனி மலைப் பகுதிகளுக்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையும் மண்சரிவும். ஆக, நீலகிரி ஒரே மாவட்டம் என்றாலும் அதற்கு இரண்டு மழைக்காலங்கள். டிசம்பர் கடைசியிலும் ஜனவரியிலும் படகர்களின் ஹெத்தையம்மன் பண்டிகையும் பொங்கலும் வரும்; மே மாதத்தில் மலர்க் கண்காட்சிக்கு வரும் கூட்டத்தில் சாலைகள் அடைபட்டிருக்கும். நேரடி வகுப்புகளுக்கு எஞ்சுவது பிப்ரவரி முதல் ஏப்ரல் வரைதான். அதிலும் மார்ச் மாதம் நிதியாண்டு முடிவின் அறிக்கைகளில் போய்விடும் என்பதை அரசுப் பணியில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. செய்முறைக்கான நேரடி வகுப்புகளை இந்த இடைவெளியில் முடித்துவிட்டு, இணைய வகுப்புகளையும் தாமாகப் படிக்கும் பகுதிகளையும் மழை மாதங்களுக்கு ஒதுக்குவது பொருத்தமாக இருக்கும்.

மழை மாதங்களில் மின்சாரமும் சிக்னலும் போவது இயல்பு என்பதால், நேரலை வகுப்பை மட்டும் நம்பிப் பாடத்திட்டம் அமைக்கக் கூடாது. ஒவ்வொரு பாடத்தையும் பத்து நிமிடத்துக்கு மேற்படாத சிறு காணொலியாகவும், அதே பாடத்தை ஒலிப்பதிவாகவும், இரண்டு பக்க அச்சுத் தாளாகவும் வைத்திருக்க வேண்டும். வட்டாரக் கூட்டத்துக்காக ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வரும் நாளில் பணியாளர் அங்கேயே அவற்றைத் தம் கைபேசியில் ஏற்றிக்கொண்டு போகலாம். ஒலிப்பதிவு பேச்சுத் தமிழில் இருப்பது நல்லது. கூடலூர்ப் பக்கத்தில் பணியர், காட்டுநாயக்கர் குடியிருப்புகளில் பணிபுரிவோருக்கு, வீட்டாரோடு பேசும் பகுதியை அந்தந்தச் சமூகத்தைச் சேர்ந்த பணியாளரையே பேசவைத்துப் பதிவு செய்துகொள்ளலாம். வானொலியையும் பலர் மறந்துவிடுகிறார்கள். 100.5இல் ஒலிக்கும் கோடைப் பண்பலையைக் கேட்காத ஊர் தென்மாவட்டங்களில் அரிது. பொதுமக்களுக்கான செய்தியையும் பணியாளருக்கான நினைவூட்டலையும் சேர்த்தே அதில் சொல்லலாம்.

கையைப் பார்த்துத் திருத்துபவர்

இனி மையமான பகுதிக்கு வருகிறேன். இரத்த அழுத்தம் பார்ப்பதை எடுத்துக்கொள்வோம். பாடக் காணொலியில் ஒருவர் அரைக்கைச் சட்டையோடு நாற்காலியில் சாய்ந்து அமர்ந்திருப்பார், பட்டையைக் கையில் சுற்றுவார்கள், அளவு வரும். உதகையிலோ கொடைக்கானலிலோ நம்மிடம் வருபவர் உள்ளே முழுக்கைச் சட்டை, அதன்மேல் ஸ்வெட்டர், அதற்கும் மேல் சால்வை என்று வருவார். குளிரில் அவற்றைக் கழற்றச் சொல்லத் தயங்கும் பணியாளர், ஸ்வெட்டரின் மேலேயே பட்டையைச் சுற்றிவிடுவார். அல்லது ஸ்வெட்டர்க் கையை மேலே சுருட்டிவிடுவார். சுருட்டிய கம்பளி மேற்கையை இறுக்கிப் பிடிப்பதால் அளவு தவறும். போதாக்குறைக்கு, அவர் செங்குத்தான ஒற்றையடிப் பாதையில் ஏறி வந்திருப்பார். ஐந்து நிமிடம் அமரவைக்காமல் பார்த்தால் அது மேடு ஏறியதன் அளவாகத்தான் இருக்கும். இவை எவற்றையும் சென்னையில் உள்ள பயிற்றுநர் திரையில் பார்க்கப் போவதில்லை. பக்கத்தில் நின்று பார்க்கும் பகுதி சுகாதார செவிலியர், ஒரு கையை மட்டும் ஸ்வெட்டரிலிருந்து வெளியே எடுத்து, சால்வையைத் தோளோடு போர்த்திக்கொள்ளச் சொல்லலாம் என்று காட்டிக்கொடுத்தால் அந்தப் பிழை அன்றோடு தீர்ந்தது.

தடுப்பூசிப் பெட்டியிலும் இதே கதைதான். உறைந்த பனிக்கட்டிப் பொதியை வெளியே எடுத்து வைத்து, குலுக்கினால் உள்ளே நீர் அசையும் ஓசை கேட்கும்வரை காத்திருந்த பிறகே பெட்டியில் அடுக்க வேண்டும் என்பது பாடம். இல்லையென்றால் ஹெபடைடிஸ்-பி, பென்டாவேலன்ட் போன்ற உறையக் கூடாத தடுப்பூசிகள் உறைந்து வீரியம் இழந்துவிடும். சமவெளி வெப்பத்தில் அந்த ஓசை விரைவில் வந்துவிடும். டிசம்பர் மாத உதகைக் காலையில் அதற்கு நெடுநேரம் ஆகும். அதற்குள் வண்டி கிளம்பும் நேரம் வந்துவிடும். பாடம் தெரிந்தவரும் பிழை செய்வது இங்கேதான். எத்தனை மணிக்குப் பொதியை வெளியே எடுத்து வைக்க வேண்டும் என்பதை அந்தந்த நிலையத்தில், அந்தந்த மாதத்தில் பார்த்துத்தான் முடிவுசெய்ய முடியும்.

அரிவாள் செல் நோய்க்கான கரைதிறன் சோதனையில், கலங்கிய குழாய்க்குப் பின்னால் பிடித்த தாளின் கருப்புக் கோடுகள் தெரிகின்றனவா என்பதை வைத்து முடிவு சொல்கிறோம். மங்கிய வெளிச்சமும் மூடுபனியும் உள்ள குடியிருப்பில் ஜன்னலோரம் எங்கே நின்று பார்ப்பது என்பதைக்கூடச் சேர்ந்து நின்று பழகிக்கொள்ள வேண்டியிருக்கிறது. அதைவிடக் கடினமானது, சோதனையில் நோய்க்கூறு தெரிந்தவர் அதைக் கடத்துபவர் மட்டும்தானா, நோயாளியா என்பதை இந்தச் சோதனை பிரித்துச் சொல்லாது என்பதையும், அடுத்த கட்டப் பரிசோதனை தேவை என்பதையும் குடும்பம் கலங்காத வகையில் சொல்வது. இதற்கு ஒருவர் பணியாளராகவும் மற்றவர் தாயாகவும் நடித்துப் பேசிப் பழகுவதைத் தவிர வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

ஆகவே, ஒவ்வொரு நான்கைந்து பணியாளருக்கும் அருகில் ஒரு வழிகாட்டியை நியமிக்க வேண்டும். அவர் மருத்துவராக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பகுதி சுகாதார செவிலியர், ஓய்வுபெற்ற கிராம சுகாதார செவிலியர், தொண்டு மருத்துவமனையின் மூத்த செவிலியர் ஆகியோர் பெரும்பாலும் மருத்துவரைவிடப் பொருத்தமானவர்கள். குறை கண்டுபிடிக்கும் மேற்பார்வையாளராகவே பழகிப்போனவரைத் தவிர்க்க வேண்டும். வழிகாட்டிகளுக்கு முதலில் தனியாகப் பயிற்சி தந்து, எதைக் கவனிக்க வேண்டும் என்ற ஒரு பக்கச் சரிபார்ப்புத் தாளைக் கையில் கொடுத்து, மாதம் ஒருமுறையாவது ஒவ்வொரு பணியாளரையும் அவர் வேலை செய்யும் இடத்திலேயே போய்ப் பார்க்கும்படி ஏற்பாடு செய்ய வேண்டும்.

நோயாளிக் கலந்தாய்வு வகுப்பு

நேரலை வகுப்பை விரிவுரைக்காகச் செலவிடுவது வீண். அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் கல்லீரல் மருத்துவர் சஞ்சீவ் அரோரா 2003ஆம் ஆண்டு தொடங்கிய எக்கோ முறை இதற்கு நல்ல முன்மாதிரி. ஊரக மருத்துவர்கள் தம் நோயாளிகளின் விவரத்தைக் காணொலிக் கூட்டத்தில் முன்வைக்க, பல்கலைக்கழக வல்லுநர்களும் பிற ஊரக மருத்துவர்களும் சேர்ந்து வழி சொன்னார்கள். ஹெபடைடிஸ்-சி நோய்க்கு இந்த முறையில் ஊரகத்தில் சிகிச்சை பெற்றவர்களில் 58.2 விழுக்காட்டினரும், பல்கலைக்கழக மருத்துவமனையில் பெற்றவர்களில் 57.5 விழுக்காட்டினரும் குணமடைந்ததாக 2011இல் வெளியான ஆய்வு காட்டியது. வல்லுநரை ஊருக்கு அனுப்பாமலே வல்லமை ஊருக்கு வந்து சேர்ந்தது.

நம் தேவைக்கு அதை இப்படிச் சுருக்கிக்கொள்ளலாம். ஒரு மணி நேர வகுப்பில் ஒரே ஒரு நோயாளி. முன்வைப்பவர் பத்து நிமிடத்துக்குள் சொல்லி முடிக்க வேண்டும். எடுத்துக்காட்டாக, தேயிலைத் தோட்டத்தில் களை எடுக்கும் பெண், ஒரு வாரமாகக் காய்ச்சல், டெங்கு சோதனையில் ஒன்றும் இல்லை என்று ஒரு செவிலியர் சொல்கிறார் என்று கொள்வோம். உடனே வல்லுநரைப் பேசவிடக் கூடாது. மற்றப் பணியாளர்கள்தான் முதலில் கேட்க வேண்டும்: அக்குள், இடுப்பு, மார்பின் கீழ்ப்பகுதி ஆகியவற்றைப் பார்த்தீர்களா, அங்கே வலியில்லாத கருப்புப் பொருக்கு ஏதேனும் இருந்ததா, பார்ப்பதற்கு மறைவான இடம் இருந்ததா என்று. உண்ணிக் காய்ச்சலின் அடையாளம் துணிக்கு அடியில் ஒளிந்திருக்கும் என்பதை ஒரு சக பணியாளர் கேள்வியாகக் கேட்கும்போது பதிவதைப்போல விரிவுரையில் பதிவதில்லை. அதன்பிறகு வல்லுநர் கால் மணி நேரம் பேசினால் போதும். டாக்சிசைக்ளின் மருந்தைத் தாமதமின்றித் தொடங்குவதன் தேவை, உடனே மருத்துவரிடம் அனுப்ப வேண்டிய அபாய அறிகுறிகள் ஆகியவற்றை அவர் சொல்லிவிடலாம். அடுத்த வகுப்பின் தொடக்கத்தில் அந்த நோயாளி என்ன ஆனார் என்பதைச் சொல்ல மறக்கக் கூடாது.

பயன் தெரிவது பதிவேட்டில்

எத்தனை பேர் வகுப்புக்கு வந்தார்கள், தேர்வில் எத்தனை மதிப்பெண் என்பதை நிதி தருபவர் கேட்பார், கொடுத்துவிடுங்கள். உங்களுக்குத் தேவையான விடை வேறு இடத்தில் இருக்கிறது. இரத்த அழுத்தப் பதிவேட்டில் மேல் அளவின் கடைசி இலக்கத்தை மட்டும் எண்ணிப் பாருங்கள். டிஜிட்டல் கருவியில் எந்த இலக்கமும் வரலாம் என்பதால் பூஜ்யத்தில் முடிபவை ஏறத்தாழப் பத்தில் ஒன்றாக இருக்க வேண்டும். முள் கருவியில் கோடுகள் இரண்டிரண்டாக இருப்பதால் ஐந்தில் ஒன்றாக இருக்கலாம். 120, 130, 140 என்றே பக்கம் முழுவதும் நிறைந்திருந்தால், பார்த்து எழுதியதைவிடத் தோராயமாக எழுதியதே அதிகம். பயிற்சிக்கு முன் ஒருமுறையும், முடிந்து மூன்று மாதம் கழித்து ஒருமுறையும் எண்ணினால், எந்த வினாத்தாளும் காட்டாததை அது காட்டிவிடும். இதைத் தண்டனைக்குப் பயன்படுத்தினால் அடுத்த மாதமே இலக்கங்கள் அழகாகக் கலந்து வரத் தொடங்கும் என்பதால், எண்ணும் வேலையை அந்தப் பணியாளரிடமும் வழிகாட்டியிடமுமே ஒப்படைப்பது நல்லது.

செலவும் முடிவும்

மென்பொருளுக்கும் கேமராவுக்கும் பணம் கேட்டால் எளிதில் கிடைக்கும். வழிகாட்டியின் ஜீப் வாடகைக்குக் கேட்டால் கிடைப்பது அரிது. இருந்தும் அதைத்தான் கேட்க வேண்டும். வரவு செலவுத் திட்டத்தில் வழிகாட்டிகளின் பயணமும் மதிப்பூதியமுமே மிகப் பெரிய தொகையாக இருக்கட்டும். இணைய மேடைக்கு இலவசமாகக் கிடைக்கும் வசதிகளே போதும்.

பெரும்பாலான கூட்டு ஏற்பாடுகளின் காலம் நிதியின் காலம்தான். ஆகவே தொடங்கும்போதே முடிவுக்கும் ஏற்பாடு செய்ய வேண்டும். முதல் அணியில் பயின்றவர்களில் இருவரையோ மூவரையோ இரண்டாம் அணிக்கு வழிகாட்டியாக்குங்கள். மூன்றாம் அணியின்போது நோயாளிக் கலந்தாய்வு வகுப்பை உதகையிலோ காந்திகிராமத்திலோ உள்ளவர்களே நடத்தட்டும், தொலைவில் உள்ள வல்லுநர் மாதம் ஒருமுறை கலந்துகொண்டால் போதும். காணொலி, ஒலிப்பதிவு, அச்சுத் தாள், சரிபார்ப்புத் தாள் ஆகிய அனைத்தையும் ஒரு ஹார்டு டிஸ்கில் ஏற்றி, ஒரு படியை வட்டார மருத்துவ அலுவலகத்திலும் மற்றொன்றை உள்ளூர்ப் பங்காளி நிறுவனத்திலும் வைத்து, இருப்புப் பதிவேட்டில் எழுதிக் கையொப்பம் பெற்றுக்கொள்ளுங்கள். பதிவேட்டில் ஏறாத பொருள், அலுவலர் மாறும்போது காணாமல் போய்விடும்.